மெஷின் மாவு

786
திருவண்ணாமலை
2-5-1983

அன்பு மனைவி அஜ்மத் பேகத்துக்கு சாந்த் பாஷா எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். இங்கே நானும் அம்மாவும் சுகம். அங்கே உன் சுகத்தையும் மாமி சுகத்தையும் மச்சான் ஹபீப் முகம்மது சுகத்தையும் எழுதவும்.

நீ சொல்லாமல் கொள்ளாமல் பஸ் ஏறிப் போனது எனக்குப் பெரிய அவமானமாகிவிட்டது. கல்யாணமாகி நாலு மாதம்கூட ஆகவில்லை. தேரடித் தெருவில் கேட்கிறவர்களுக்கெல்லாம் மாமிக்கு உடம்பு சரியில்லை என்று சொல்லி வைத்திருக்கிறேன். உன்னை யாராவது கேட்டால் நீயும் அதையே சொல்லு.

நம் பேக்கரி மாவில் ஒரே ஒரு நகம். அதற்கா இத்தனை கோபம்? சோற்றில் கல் வருகிறது, குழம்பில் முடி வருகிறது, எடுத்துப் போட்டுவிட்டுச் சாப்பிடுகிறோம். ரேணுகாம்பாள் அம்மா வாத்தியார் சம்சாரம், கொஞ்சம் ஜாஸ்தி சுத்தம் பார்க்கிறவர். மாவைத் தட்டில் அழுத்தும்போது விரலில் குத்தியதாம். காகிதத்தில் மடித்துக் கொண்டுவந்து, கடை நிறைய ஆள் நிற்கும் சாயங்கால நேரத்தில் பிரித்துக் காட்டிவிட்டார். எனக்கு வாயில் வந்ததைச் சொன்னேன். வியாபாரி வாய் நாலு பக்கமும் புரளும். நீ திரைக்குப் பின்னால் நிற்பாய் என்று எனக்கு எப்படித் தெரியும்?

ரெடிமேட் மாவு நம் இரண்டு பேருடைய யோசனை, அதை மறந்துவிடாதே. ஆசிரமத்துப் பக்கம் குடியிருக்கும் வெள்ளைக்காரம்மா, மாவை மட்டும் கொடு, மாம்பழம் வைத்து வீட்டில் நானே சுட்டுக்கொள்கிறேன் என்று கேட்டபோது நான் சிரித்தேன். நீதான், "நம்ம பொம்பளைங்களும் வாங்குவாங்க, எல்லார் வீட்டுலயும் வட்ட ஓவன் வந்துடுச்சு" என்றாய். வனஸ்பதி தடவி மடித்துத் தேய்த்த வட்டம் இரண்டு, ஈரத்துணியில் சுற்றி. ஒன்றைத் தட்டில் விரித்து, தேங்காய்ப் பூரணமோ கொத்துக்கறியோ வைத்து, இன்னொன்றால் மூடி, ஓரத்தை விரலால் அழுத்தி ஓவனில் வைத்தால் வேலை முடிந்தது. வெள்ளைக்காரம்மா அதற்குப் 'பை' என்று பேர் சொன்னாள், நம் ஜனங்கள் 'மூடி பப்ஸ்' ஆக்கிவிட்டார்கள். ஓரம் அழுத்தும் விதத்தைப் பெண்களுக்குச் சொல்லிக் கொடுத்தவள் நீ. இப்போது நீ இல்லாமல் பாதி வியாபாரம் படுத்துவிட்டது.

வெள்ளிக்கிழமைக்குள் வந்து சேரவும்.

சாந்த் பாஷா

---

கீழ்பென்னாத்தூர்
9-5-1983

திருவண்ணாமலை பேக்கரி முதலாளி அவர்களுக்கு,

கடிதம் கிடைத்தது. அம்மா நன்றாக இருக்கிறார். அவருக்கு உடம்பு சரியில்லை என்று ஊரெல்லாம் சொன்னதைக் கேட்டுச் சிரித்தார். ஒரு பொய்யை மூட இன்னொரு பொய், அதுவும் என் அம்மா தலையில்.

வாயில் வந்ததைச் சொன்னேன் என்று எழுதியிருக்கிறீர்கள். என்ன வந்தது என்று எழுதக் கூச்சமா? நான் எழுதுகிறேன். "ரெடிமேட் மாவு மட்டும் வீட்டுல பிசையிறதும்மா. என் சம்சாரம்தான் பிசையிறா. புதுசு, கை சுத்தம் பத்தல, நான் சொல்லி வைக்கிறேன்." இதைக் கடை நிறைய ஆள் கேட்டது. திரைக்குப் பின்னால் நான் கேட்டேன். என் கை எப்போது அந்த மாவைப் பிசைந்தது? கடை வாசலில் 'முழுவதும் மெஷின் தயாரிப்பு' என்று போர்டு மாட்டியிருந்தீர்கள். நானும் அதை நம்பித்தான் ஊர்ப் பெண்களுக்கெல்லாம் கூவிக்கூவி விற்றேன்.

நீங்கள் சொன்னதைக் கேட்டு, அப்படியானால் மெஷின் எங்கே என்று பார்க்கத்தான் பின்பக்கக் கொட்டகைக்குப் போனேன். பெண்கள் வரக்கூடாது, அனல் அடிக்கும் என்று என்னைத் தடுத்து வைத்திருந்த அதே கொட்டகை. மெஷின் இல்லை. மரத்தொட்டி இருந்தது. அதில் மறுநாளைக்கான மாவு இருந்தது. மாவில் ஒரு பாதம் பதிந்திருந்தது. ஐந்து விரலும் தனித்தனியாகத் தெரிந்தது. ஓரத்தில் உங்கள் லுங்கியின் நீலச் சாயம்.

த்தூ. எழுதும்போதே குமட்டுகிறது. அந்த மாவைத்தான் நான் விரலால் தடவித் தடவி, "எவ்ளோ மெத்துனு இருக்கு பாருங்கக்கா" என்று காட்டிக்கொண்டிருந்தேன். பச்சை மாவை நாக்கில் வைத்து உப்புப் பார்த்திருக்கிறேன்.

சோற்றில் கல் வந்தால் எடுத்துப் போடலாம். உங்கள் வாயிலிருந்து வந்ததை யார் எடுத்துப் போடுவது?

நான் வரவில்லை.

அஜ்மத் பேகம்

---

786
திருவண்ணாமலை
24-6-1983

அன்பு அஜ்மத்துக்கு அஸ்ஸலாமு அலைக்கும்.

மச்சான் வந்து நல்ல செய்தி சொன்னார். எனக்குச் சந்தோஷத்தில் நோன்பு வைத்த களைப்பே தெரியவில்லை. அம்மா தெருவுக்கே சர்க்கரை கொடுத்தார். இப்போதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. உனக்கு மசக்கை. அதனால்தான் எதைப் பார்த்தாலும் குமட்டுகிறது. அம்மாவும் அதையே சொன்னார், "என்னை வயித்துல வச்சிருந்தப்ப எங்கம்மாவுக்கு எங்கப்பா வாசனையே ஆகலையாம்" என்று. பிள்ளை பிறந்தால் எல்லாம் சரியாகிவிடும். நானும் மனசில் எதுவும் வைத்துக்கொள்ளவில்லை.

காலைப் பற்றி எழுதியிருந்தாய். மைதாவை மூட்டைக் கணக்கில் கையால் பிசைந்தால் தோள் கழன்றுவிடும். பேக்கரித் தொழிலில் எத்தனையோ இடத்தில் மிதிப்பதுதான் வழக்கம், நான் ஒன்றும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. என் அத்தாவும் மிதித்தார், அந்த பன்னைத் தின்றுதான் இந்த ஊர் வளர்ந்தது. அதுவுமில்லாமல், ஐந்து வேளை ஒளு செய்து கழுவுகிறவன் கால். தொழுகைக்கு ஆகிற கால் மாவுக்கு ஆகாதா? உன் கையைவிட ஜாஸ்தி தடவை தண்ணீர் பார்த்த கால்.

கண்டக்டர் மூலம் ஒரு பொட்டலம் அனுப்பியிருக்கிறேன். எட்டு மூடி பப்ஸ், கறி வைத்தது. நோன்பு திறக்கும்போது சாப்பிடு. வயிற்றில் இருப்பவனுக்கு அவன் அப்பன் கைமணம் தெரியட்டும்.

சாந்த் பாஷா

---

கீழ்பென்னாத்தூர்
18-7-1983

பேக்கரி முதலாளிக்கு,

பொட்டலம் வந்தது. கைமணமா கால்மணமா என்று அண்ணன் கேட்டார். கோழிக்குப் போட்டோம். கோழி தின்றது, அதற்குப் போர்டு படிக்கத் தெரியாது.

ஐந்து வேளை ஒளு என்று யாருக்கு எழுதுகிறீர்கள்? உங்களோடு நாலு மாதம் குடித்தனம் செய்தவளுக்கு. வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை, அதுவும் பள்ளிவாசலில் கடைசி வரிசையில் போய் நின்றுவிட்டு, துஆ ஓதி முடியும் முன்னே கடைக்கு ஓடி வருகிறவர் நீங்கள். தொழுகையை இதில் இழுக்காதீர்கள். அதைக் கேட்டுத்தான் எனக்கு ஜாஸ்தி குமட்டியது.

மசக்கை என்று நீங்கள் எல்லோரும் கூடித் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். எனக்குப் பழைய சோறு குமட்டவில்லை. கருவாடு குமட்டவில்லை. மாட்டுக் கொட்டகை குமட்டவில்லை. உங்கள் கையெழுத்தைப் பார்த்தால் குமட்டுகிறது. இதற்கு மசக்கை என்று பேர் வைத்தால் உங்களுக்கு நிம்மதி, வைத்துக்கொள்ளுங்கள்.

பெருநாளன்று நடந்ததை எழுதுகிறேன். நான் என் கையால் சேமியா பாயசம் வைத்தேன். வழக்கம்போல் பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கொடுத்தோம். ஜோதியம்மாள் அக்கா சிறுவயதிலிருந்து என்னைத் தூக்கி வளர்த்தவர். சிரித்துக்கொண்டே டம்ளரை வாங்கினார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். கொல்லைப்பக்கம் போய், மாட்டுக் கழுநீர்த் தொட்டியில் ஊற்றினார். ஊற்றிவிட்டு டம்ளரைச் சாம்பல் போட்டுத் தேய்த்தார். அவருடைய தங்கை உங்கள் தேரடித் தெருவில்தான் இருக்கிறார். நான் பஸ்ஸில் வந்து சேர்ந்ததைவிட வேகமாக உங்கள் பேச்சு இங்கே வந்து சேர்ந்திருக்கிறது. இந்த ஊரில் இப்போது என் கை அசிங்கமான கை.

உங்கள் கால் மிதித்ததைக்கூட ஒருநாள் பொறுத்துக்கொண்டிருப்பேன். வயிற்றுப் பிழைப்பு என்று நினைத்திருப்பேன். அசிங்கத்தைச் செய்தது நீங்கள், அதைத் தூக்கி என் கையில் வைத்தீர்களே. அதுதான் எனக்கு அருவருப்பு.

ரேணுகாம்பாள் அம்மாவிடம் போய் உண்மையைச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு கடிதம் போடுங்கள்.

அஜ்மத் பேகம்

---

786
திருவண்ணாமலை
20-9-1983

அன்பு அஜ்மத்துக்கு,

பக்ரீத் வாழ்த்துகள். உன் கடிதத்தைப் படித்து எனக்கு மூன்று நாள் சோறு இறங்கவில்லை. நடந்தது நடந்துவிட்டது, இனி நடக்காமல் பார்ப்பதுதான் ஆண்பிள்ளைக்கு அழகு. அதனால் உண்மையாகவே மெஷின் வாங்கிவிட்டேன். பெங்களூரிலிருந்து லாரியில் வந்தது. நல்ல பெரிய அண்டா, உள்ளே கொக்கி மாதிரி இரும்புக் கை சுற்றுகிறது. கடை முன்னாலேயே வைத்து, மாலை போட்டு, பாத்தியா ஓதி, தெருவுக்கே லட்டு கொடுத்தேன். கிரிவலம் வருகிற ஜனமெல்லாம் நின்று வேடிக்கை பார்க்கிறது.

இன்னொரு சந்தோஷம். உன் பேரைக் கெடுத்துவிட்டேன் என்றாய் அல்லவா? உன் பேரையே போர்டில் போட்டுவிட்டேன். 'அஜ்மத் ரெடிமேட் மாவு.' சிவப்பு எழுத்து, மஞ்சள் போர்டு. கூடவே ஒரு கை படம். தேரடியிலிருந்து பார்த்தாலே தெரிகிறது. வேறு எந்தப் புருஷன் இப்படிச் செய்வான்?

ரேணுகாம்பாள் அம்மாவிடம் போவதைப் பற்றி யோசித்தேன். அவர் அதையெல்லாம் மறந்திருப்பார். ஆறின விஷயத்தை ஏன் கிளற வேண்டும்? போன மாதம் கடைத்தெருவில் எதிரே வந்தார், நான் சலாம் வைத்தேன். கவனிக்கவில்லை, வேகமாகப் போய்விட்டார்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

சாந்த் பாஷா

---

கீழ்பென்னாத்தூர்
11-10-1983

பேக்கரி முதலாளிக்கு,

அண்ணன் போன வாரம் உங்கள் கடைக்கு வந்தார், நீங்கள் டீ வாங்கிக் கொடுத்தீர்கள். அவர் டீ குடித்துவிட்டு மெஷினைச் சுற்றிப் பார்த்தார். அதற்கான கரண்ட் லைனே உங்கள் கடைக்கு இல்லையாம். வயர் சுவர் வரைக்கும் போய், ஆணியில் மாட்டித் தொங்குகிறதாம். அண்டாவுக்குள் கைவிட்டுப் பார்த்தார். லட்டுக் காகிதமும் காய்ந்த மாலையும் இருந்தது. ஒருதரம்கூட மாவு பார்க்காத மெஷின். பின்பக்கம் அடுப்பு ஆள் வேணுவைக் கேட்டதற்கு, "இன்னாத்துக்கு பாய் என் வாயைப் புடுங்குற" என்றானாம்.

அப்படியென்றால் முன்னால் மெஷின், பின்னால் இன்னும் கால். அந்த மாவுக்கு என் பேர்.

அண்ணன் இதைச் சொன்னதும் எனக்கு வாந்தி வந்தது. பொய் சொல்லி மாட்டிக்கொண்டவன் வெட்கப்படுவான் என்று நினைத்திருந்தேன். நீங்கள் பொய்க்கு மாலை போட்டு லட்டு கொடுத்திருக்கிறீர்கள். முன்பாவது நாலு பேர் எதிரில் ஒரு தடவை சொன்னீர்கள். இப்போது மஞ்சள் போர்டில், கை படம் போட்டு, ராப்பகலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறீர்கள். கிரிவலம் வருகிற வெளியூர் ஜனத்துக்குக்கூட அது என் கை.

முதலில் போர்டைக் கழற்றுங்கள். ரேணுகாம்பாள் அம்மாவிடம் போகும்வரைக்கும் இந்த வீட்டு வாசலை மிதிக்க வேண்டாம். மிதிப்பதற்கு உங்களுக்குத் தொட்டி இருக்கிறது.

அஜ்மத்

---

786
திருவண்ணாமலை
27-12-1983

அஜ்மத்,

தந்தி கிடைத்ததும் ஓடி வந்தேன். பெண் குழந்தை என்று கேட்டதும் எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. மாமி முகத்தைத் திருப்பிக்கொண்டார், மச்சான் வாசலிலேயே நாற்காலி போட்டார். உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்டது. வெயிலில் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் பிள்ளையின் காதில் பாங்கு சொல்ல என்னை விடவில்லை. பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதேன், பக்கத்து ஆள் சீட்டை மாற்றிக்கொண்டு போனான்.

போர்டைக் கழற்றிவிட்டேன். பிள்ளை பிறந்தாகிவிட்டது, மசக்கையும் போயிருக்கும். இன்னும் என்ன?

சாந்த் பாஷா

---

கீழ்பென்னாத்தூர்
8-1-1984

ஐயா,

நீங்கள் உட்கார்ந்திருந்ததை ஜன்னலில் பார்த்தேன். தலை நரைத்திருக்கிறது. பாவமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொல்ல மாட்டேன். கூப்பிடலாமா என்று அம்மாவைக் கேட்க வாயெடுத்தேன். அப்போது அம்மா நீங்கள் கொண்டுவந்த பொட்டலத்தைப் பிரித்தார். வனஸ்பதி வாசனை வந்தது. பச்சை உடம்புக்காரி நான், கட்டிலைப் பிடித்துக்கொண்டு ஓங்கரித்தேன்.

அப்போதுதான் எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. வயிற்றில் பிள்ளை இல்லை, மசக்கை இல்லை, அருவருப்பு மட்டும் அப்படியே இருக்கிறது. நானே அதுவரை உள்ளுக்குள், இவர்கள் சொல்கிறமாதிரி இருக்குமோ, பிள்ளை பிறந்தால் மனசு மாறிவிடுமோ என்று காத்திருந்தேன். மாறவில்லை.

காதில் பாங்கு சொன்னது அண்ணன். பீபி ஜான் என்று பேர் வைத்தோம். அவளைக் குளிப்பாட்டும்போதெல்லாம் அவள் கையைத்தான் பார்க்கிறேன். நாளைக்கு இவள் வளர்ந்து டம்ளர் நீட்டினால், நகத்தைப் போட்டுப் பிசைந்தவள் மகள் என்று நாலு பேர் டம்ளரைக் கவிழ்ப்பார்கள். என் ஒருத்தியோடு போகிற அசிங்கம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறீர்களா?

இன்னும் என்ன என்று கேட்டீர்கள். அதே ஒன்றுதான். செய்ய முடியாது என்றால் அதையாவது எழுதுங்கள், நான் காத்திருக்கிறதை விட்டுவிடுகிறேன்.

அஜ்மத்

---

786
திருவண்ணாமலை
30-1-1984

அஜ்மத்,

போனேன். உனக்காகப் போனேன் என்று சொன்னால் அதுவும் பொய். பீபி ஜான் முகத்தைப் பார்க்க வேண்டும் என்றுதான் போனேன்.

ரேணுகாம்பாள் அம்மா கூடத்தில் முறுக்கு பிழிந்துகொண்டிருந்தார். நின்றபடியே சொன்னேன். அம்மா, அந்த நகம் என் சம்சாரத்தோடது இல்லை, என் கால் நகம், நான்தான் மிதித்தேன் என்று. அவர் கையை நிறுத்தவேயில்லை. "தெரியும் பாய்" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "அதுக்கு ரெண்டு நாள் முன்னாடிதான் உங்க சம்சாரம் எங்க கொல்லையில மருதாணி பறிச்சிக்கினு போச்சு. மறுநாள் ஓரம் அழுத்திக் காட்டறப்ப பாத்தேன், கை நகம், கால் நகம் எல்லாம் செக்கச்செவேல்னு இருந்துது. மாவுல கெடைச்சது வெள்ளை நகம். தடிப்பா, மஞ்சள் ஏறி. எந்தப் பொம்பளைக்கு அப்படி நகம்? அதைப் பாத்து அருவருப்பாதான் இருந்துது பாய், இல்லேங்கல. ஆனா, நீங்க அந்தப் பொண்ணு மேல தூக்கிப் போட்டீங்களே, அதைக் கேட்டப்ப வந்த அருவருப்பு ஜாஸ்தி. அதோட உங்க கடைப் பக்கமே வரலை."

அன்றைக்கே ஏன் சொல்லவில்லை அம்மா என்று கேட்டேன். "புருஷன் பொண்டாட்டி நடுவுல நாம ஏன்னு வாயை மூடிக்கினேன். அது என் தப்புதான். ஆனா இப்ப எங்க வீட்டுக் கூடத்துல வந்து கிசுகிசுனு சொல்றீங்களே, இது யாருக்கு? கடையில சொன்னதைக் கடையில சொல்லுங்க" என்றார்.

இருபத்தொன்றாம் தேதி சனிக்கிழமை சாயங்காலம் கடை நிறைய ஆள் இருக்கும்போது ஸ்டூல் மேல் ஏறி நின்றேன். வேணு, "மொதலாளி, வேணாம், எறங்கு" என்று சட்டையைப் பிடித்தான். சொன்னேன். "மாவை மிதிச்சது நானு. அந்த நகம் என்னுது. இந்த மெஷின் ஒரு நாளும் ஓடலை. என் சம்சாரம் அந்தத் தொட்டிப் பக்கம் வந்ததேயில்லை. அது மேல பழி போட்டேன்."

ஒரு பெண் தன் பிள்ளை வாய்க்குள் விரலை விட்டு, மென்றுகொண்டிருந்த பன்னைத் தோண்டி எடுத்துச் சாக்கடையில் எறிந்தாள். யாரோ த்தூ என்று துப்பினார்கள், படியில் விழுந்தது. ஒரு ஆள் என் முகத்தைப் பார்க்காமல் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தான். அம்மா உள்ளேயிருந்து வந்து, குடும்ப மானத்தை வாங்கிவிட்டாய் என்று தலையில் அடித்துக்கொண்டார். அதற்குப் பிறகு கடைக்கு ஒருத்தரும் வரவில்லை. பன் எல்லாம் பூஞ்சை பிடித்து, நேற்று அள்ளிக் கொட்டினோம். வேணுவே வீட்டிலிருந்து சோறு கொண்டுவந்து சாப்பிடுகிறான்.

எனக்கே என் காலைப் பார்க்கப் பிடிக்கவில்லை. ராத்திரி போர்வைக்குள் இழுத்துக்கொள்கிறேன்.

நீ சொன்னதைச் செய்துவிட்டேன். இப்போதாவது உன் அருவருப்பு போனதா?

சாந்த் பாஷா

---

கீழ்பென்னாத்தூர்
6-2-1984

பீபி ஜானின் அத்தாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கடிதத்தை அம்மாவுக்கும் அண்ணனுக்கும் சத்தமாகப் படித்துக் காட்டினேன். த்தூ என்று துப்பினார்கள் என்ற இடத்தை இரண்டு தரம் படித்தேன். எனக்குச் சந்தோஷமாக இருந்தது, மறைக்க மாட்டேன். அன்று மத்தியானம் வயிறாரச் சாப்பிட்டேன். மறு சோறு கேட்டதும் அம்மா அழுதுவிட்டார்.

ரேணுகாம்பாள் அம்மாவுக்கு அன்றைக்கே தெரியும் என்பதை நினைத்தால்தான் ஆத்திரம் வருகிறது. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். வந்ததும் அவரிடமும் கேட்கப் போகிறேன்.

ஆமாம், வருகிறேன். பிள்ளை பெற்று நாற்பது நாள் முடிந்து குளித்தாகிவிட்டது. உங்களுக்காக வரவில்லை. அந்தத் தெருவில் என் கையைக் கெடுத்தீர்கள், அந்தத் தெருவிலேயே அதை நான் கழுவ வேண்டும். மரத்தொட்டியை உடைத்து அடுப்பில் போடுங்கள். கடை முன்னால், போகிற வருகிற ஜனம் பார்க்கிற இடத்தில் ஒரு மேசை போடுங்கள். அங்கே நின்று நான் பிசைவேன். நாலு படிதான் பிசைய முடியும், நாலு படிதான் விற்போம். பார்த்து வாங்குகிறவர்கள் வாங்கட்டும். நீங்கள் அடுப்புப் பக்கம் இருங்கள், செருப்புப் போட்டுக்கொண்டு. படுக்கை கடையிலேயே இருக்கட்டும், நான் சொல்லும் வரைக்கும்.

பிள்ளையைத் தூக்கலாம், கொஞ்சலாம். அதை நான் தடுக்க மாட்டேன்.

அருவருப்பு போனதா என்று கேட்டிருக்கிறீர்கள். போகவில்லை. அதையும் கூட்டிக்கொண்டுதான் வருகிறேன்.

வியாழக்கிழமை காலை பஸ்ஸுக்கு வந்து நிற்கவும்.

அஜ்மத் பேகம்